பழைய மெட்ராஸ் ஒட்டுக் கடைக் கட்டடத்தில் கரண்ட் செலவைக் குறைப்பது: எந்த வேலை முதலில், எது கடைசியில்

சேலம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கத்துப் பழைய கடைகள் பலவும் ஒரே அச்சு. முகப்பு பதினைந்து இருபது அடி, நீளம் எண்பது அடிக்கு மேல், ஒன்றரைக் கல் அல்லது இரண்டு கல் சுண்ணாம்புச் சுவர், தேக்குக் கட்டை மேல் செங்கல்லைக் குத்தி நிறுத்தி அடுக்கிய மெட்ராஸ் ஒட்டு, நடுவில் எப்போதோ ஷீட் போட்டு மூடிய முற்றம். இந்த வகைக் கட்டடத்துக்குத்தான் இந்த வழிகாட்டி. கான்கிரீட் தளம் போட்ட கடைக்கு இதில் பாதி பொருந்தாது.

வேலையின் வரிசை இது: தண்ணீர், மரம், மேல்தளம், சுவர், காற்று, வயரிங், கடைசியில் ஏசி. பெரும்பாலோர் ஏசியில் தொடங்குகிறார்கள். கொதிக்கிற கூரைக்குக் கீழே இரண்டு டன் மாட்டிவிட்டு, மறுவருடம் கூரையைச் சரி செய்தால், தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் கையில் நிற்கும்; அதற்காக வாங்கிய கூடுதல் லோடுக்கும் பில் வந்துகொண்டே இருக்கும்.

1. கைவைக்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

கடந்த ஒரு வருட ஈபி ரீடிங் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றால் ஆறு ரீடிங். ரூபாயை எழுதாதீர்கள், யூனிட்டை எழுதுங்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், யூனிட் பொய் சொல்லாது.

ஓர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி, வெயில் நாளில் மாலை 4 மணிக்கும் இரவு 9 மணிக்கும் கூரையின் அடிப்பக்கம், மேற்குச் சுவரின் உட்பக்கம், கல்லாப் பக்கத்துத் தரை ஆகிய மூன்று இடங்களில் அளந்து குறித்துவையுங்கள். இரவு 9 மணிக்கும் கூரையின் சூடு இறங்காமல் இருந்தால், பகலில் வாங்கிய சூட்டைக் கட்டடம் வெளியே விட வழியில்லை என்று பொருள். 7-ஆம் பகுதியில் சொல்லும் காற்று வேலை எவ்வளவு தேவை என்பது அந்த எண்ணில் தெரியும்.

அடுத்து ஆவணம். இடம் கோயில் நிலமா, வாடகையா, பங்காளிகள் பெயரில் கூட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லையும் தொடாதீர்கள். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தால் பழுதுபார்க்கவும் தனி அனுமதி வேண்டும்; அதைத் தாண்டி அடுத்த 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. முகப்பை மாற்றுவது, மாடியில் எதையாவது எழுப்புவது எல்லாம் மாநகராட்சிக்குப் போகும். பூச்சு, வெள்ளை, வயரிங் போன்றவற்றை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் தொடங்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள். பக்கத்துக் கடைக்கும் உங்களுக்கும் பொதுச்சுவர் என்றால் அந்தச் சுவரின் விரிசல்களையும் தேதியோடு எடுங்கள். நாளைக்கு வரும் தகராறு பாதி அதிலேயே தீரும்.

2. எந்த மாதத்தில் எந்த வேலை

மேல்தள வேலை தை முதல் மாசி வரை. சுண்ணாம்புக்கு ஈரமும் வேண்டும், நிதானமான வெயிலும் வேண்டும். சித்திரை வெயிலில் போட்டால் இறுகும் முன்பே காய்ந்து, நகத்தால் சுரண்டினால் மாவாக வரும். மே மாதக் கோடை மழையில் மாட்டினால் போட்டதே கரையும். புரட்டாசி, ஐப்பசியில் கூரையைத் திறப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

உள்சுவர், வயரிங் வேலைகளை எந்த மாதத்திலும் செய்யலாம். தீபாவளி வியாபாரத்துக்கு முன்பு முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் ஈரச் சுவர் மேல் பெயின்ட் ஏறுகிறது.

3. தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஈரச் செங்கல் சூட்டை உலர்ந்த செங்கல்லைவிட வேகமாகக் கடத்தும். உள்ளே ஈரப்பதம் ஏறினால், ஏசி குளிரவைப்பதோடு அந்த ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அதனால் கசிவை நிறுத்துவதே முதல் மின்சாரச் சேமிப்பு.

பெரும்பாலான கசிவுகள் மூன்று இடங்களில் இருக்கும்: கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, மழைக்குழாய் வாய், பழைய அரசஞ்செடி வேர் போன பாதை. செடியைப் பிடுங்காதீர்கள், வேர் அறுந்து உள்ளே தங்கி மீண்டும் துளிர்க்கும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, முழுவதும் பட்டபின் வேரை எடுத்து, ஓட்டையைச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள்.

மழைக்குழாய்க்குக் கணக்கு உண்டு. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்தால் 4 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 450 சதுர அடித் தளத்தைத்தான் சமாளிக்கும். 1,500 சதுர அடி மாடிக்கு ஒரே குழாய் இருந்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

கீழே சுவரில் ஈரம் தெரிந்தால், அது சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று பிரித்தறியுங்கள். இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் துளி கோத்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறையில் காற்றோட்டம் இல்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. வித்தியாசம் தெரியாமல் வாட்டர்ப்ரூஃபிங் கெமிக்கலுக்குச் செலவழிப்பவர்கள் நிறையப் பேர்.

4. தேக்குக் கட்டையின் முனை

கட்டை நடுவில் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அது அழுகுவது சுவருக்குள் செருகிய அரை அடியில். ஏணி போட்டு, சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரைக் குத்துங்கள். நல்ல தேக்கில் முனை வழுக்கும், கணீரென்று கேட்கும். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கி, வெளியே எடுக்கும்போது ஈரத்தூள் ஒட்டிவந்தால் அந்தக் கட்டைக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. மாய்ஸ்சர் மீட்டர் கிடைத்தால் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இடங்களில் சாக்பீஸ் குறி போடுங்கள். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை பிடிக்கும்.

மாற்றும் கட்டையின் முனையைச் சுவருக்குள் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். மூன்று பக்கமும் விரல் நுழையும் இடைவெளி விடுங்கள், காற்றுப் பட்டால் மரம் பிழைக்கும்.

மரத்தின் நிலை தெரியாமல் மேலே எடை ஏற்றுவதுதான் இந்தக் கட்டடங்களில் நடக்கும் மிகப் பெரிய தவறு. "மேல ரெண்டு இஞ்ச் கான்கிரீட் போட்டுட்டா ஒழுகவே ஒழுகாது சார்" என்று எந்தக் கொத்தனாராவது சொல்வார். 1,000 சதுர அடிக்கு இரண்டு அங்குல கான்கிரீட் என்றால் 11 டன். பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு தளம் போட்ட கட்டடங்களில் கட்டை தொய்ந்து, செங்கல் வரிசை பிரிந்து, அந்த விரிசல் வழியாகவே மறுபடி ஒழுகும். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் இந்தக் கட்டத்தைத் தாண்டாதீர்கள்.

5. மேல்தளம்

கடைக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு கூரை வழி. பக்கச் சுவர்கள் அடுத்த கடையோடு ஒட்டியிருப்பதால் வெயில் அடிப்பது மொட்டை மாடியில்தான். பட்ஜெட்டில் பாதியை இங்கே போட்டாலும் தப்பில்லை.

முதலில் தட்டிப் பாருங்கள். மாடியின் மேல்பரப்பில் பதித்திருக்கும் தட்டை ஓடு, அதாவது தட்டோட்டின் மேல் மரச் சுத்தியலால் தட்டும்போது பொத்தென்று கேட்கும் இடம் பிடிப்பு விட்ட இடம். மொத்தப் பரப்பில் கால் பங்குக்குள் இருந்தால் அந்த ஓடுகளை மட்டும் எடுத்துப் போடலாம். அதற்கு மேல் என்றால் ஓட்டுக்கு அடியிலுள்ள ஜல்லித் தளம் வரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே மேல். ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுக் கட்டுப்படியாகாது.

புதிதாகப் போடும் சுண்ணாம்பு ஜல்லித் தளத்துக்குப் பொதுப்பணித் துறை அளவு 32 கன அடி செங்கல் ஜல்லிக்கு 12½ கன அடி நீர்த்த சுண்ணாம்பு. ஜல்லி 20 மி.மீ.; நன்றாக வெந்த செங்கல்லை உடைத்தது. சூளையில் கறுத்து உருகிய செங்கல் ஆகாது, அது சுண்ணாம்பைப் பிடிக்காது. ஜல்லியை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போடுங்கள். உலர்ந்த ஜல்லி கலவையின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால் சுண்ணாம்பு இறுகாது. கலந்த கலவையை நாலு நாள் குவித்து, தினமும் புரட்டித் தண்ணீர் தெளித்து வைத்த பிறகுதான் பரப்ப வேண்டும். நீர்க்காத சுண்ணாம்புக் கட்டி உள்ளே இருந்தால் தளம் போட்டபின் ஊதி ஓட்டைத் தூக்கும். அந்தக் கட்டி இந்த நாலு நாளில் உடைந்துவிடும்.

முடிந்த தளம் 3 அங்குலம் வேண்டுமென்றால் 4 அங்குலம் பரப்புங்கள். வாட்டம் அடிக்குக் கால் அங்குலம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கட்டை பள்ளம் போடாமல் துள்ளித் திரும்பும்வரை அடி போதாது. இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். கூலியை மிச்சம் பிடிக்க ஒரே நாளில் முடிப்பதுதான் தளம் பிளப்பதற்கு முதல் காரணம். அடித்து முடித்தபின் ஏழு நாள் ஈரச் சாக்கு.

அதன் மேல் தட்டோடு. வெள்ளை நிற கூல் ரூஃப் ஓடும் கிடைக்கிறது, வாங்குவதானால் எஸ்.ஆர்.ஐ. (வெயிலைத் திருப்பி அனுப்பும் திறனின் அளவு) 78-க்குக் குறையாததைக் கேளுங்கள். செலவு கட்டவில்லை என்றால் சாதாரணத் தட்டோடு போட்டு மேலே சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். ஒரு கிலோ கல் சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர், ஒரு நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கோந்து சேர்த்து மூன்று கோட். சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும்; கண்ணாடி போடாமல் கிட்டே போகக் கூடாது. லாரித் தூசியும் புகையும் படிந்து ஒரு வருடத்தில் வெள்ளை பழுத்துவிடும். எப்படியும் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற கையோடு கடை மாடியையும் சேர்த்துக்கொண்டால், கோடைக்கு முன் கூரை தயார்.

தெர்மோகோல், எக்ஸ்.பி.எஸ். (கெட்டியான நுரைப் பலகை) போன்ற, சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன் தேவையா? மேல் மாடியில் ஏசி ஓடும் என்றால் மட்டும். அதுவும் தளத்துக்கு மேலே. கீழே ஃபால்ஸ் சீலிங்குக்குள் அல்ல. ஃபால்ஸ் சீலிங் போட்டால் கட்டை முனை கண்ணுக்குத் தெரியாது, கசிவு ஆறு மாதம் மறைந்திருக்கும், எலிக்கு அது மாடி வீடு. மேலே 2 அங்குல எக்ஸ்.பி.எஸ். பலகை சதுர மீட்டருக்கு 2 கிலோகூட வராது, ஆனால் அதைப் பாதுகாக்கப் போடும் தளமும் ஓடும் எடைதான். அந்தக் கணக்கையும் இன்ஜினியரிடம் கொடுங்கள். தளம் முழுதாகக் காயாமல் பலகையை மூடிவிட்டால் ஈரம் மேலே போக வழியின்றிக் கீழே மரத்துக்கு இறங்கும்.

பின்னால் சோலார் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஸ்டாண்டின் கால்கள் சுவர்த் தலைப்பின் மேல் நிற்க வேண்டும், அந்தப் பீடங்களை ஓடு பதிக்கும் முன் கட்ட வேண்டும். முடிந்த தளத்தில் ட்ரில் போட்டு போல்ட் இறக்கினால் இவ்வளவு நேரம் படித்தது வீண். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, தினமும் சராசரி 4 யூனிட். பேனல் நிழலே கூரைக்கு ஒரு குடை என்பது உபரி லாபம்.

6. சுவர்

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்பாகப் பூத்து, செங்கல்லைப் பொடியாக்கும். இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட் பூசிய சுவரில் அதற்கு மேலே ஒரு பட்டையாக உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்டைத் தாண்டி வழி தேடுகிறது.

சிமெண்ட் பூச்சைக் கை உளியால் எடுங்கள். பிரேக்கர் வைத்தால் பழைய செங்கல்லும் சேர்ந்து வரும். இணைப்புகளை அரை முதல் முக்கால் அங்குலம் சுரண்டி, ஒரு பங்கு சுண்ணாம்பு மூன்று பங்கு மணல் கலவையால் அடைத்து, காயவிட்டு, அதே கலவையைப் பூசுங்கள். எமல்ஷன் பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளை போதும். பெயின்ட்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஆறு மாதத்தில் கொப்புளத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தடித்த சுவருக்குள் இன்சுலேஷன் ஒட்டாதீர்கள். பகல் சூடு உள்ளே வந்து சேரப் பத்து மணி நேரம்போல ஆகும். அதற்குள் கடை மூடும் நேரம். சுவரின் இந்தச் சோம்பல் உங்களுக்குச் சாதகம், அடுத்த பகுதிக்கும் அதுதான் அடிப்படை.

7. முற்றமும் இரவுக் காற்றும்

சேலத்தில் பங்குனி, சித்திரையில் பகல் 38, 39 டிகிரி போனாலும் விடியற்காலை 25 பக்கம் இறங்கும். இரவெல்லாம் ஷட்டரை இறக்கி, வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்தால், சுவர் அந்தக் குளிர்ச்சியைக் காணாமலேயே மறுநாளைத் தொடங்கும்.

முற்றத்தை மூடிய ஷீட்டை முதலில் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உடைக்காமல், அறுக்காமல், நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்க வேண்டும். தூசு நுரையீரலுக்குப் போகும், ஆட்களுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். பிறகு அதே இடத்தில் சுற்றுச்சுவரைவிட இரண்டடி உயர்த்திக் கூரை வைத்து, நாலு பக்கமும் லூவரும் (திறந்து மூடும் சாய்வுப் பட்டைகள்) எலி நுழையாத கம்பி வலையும் போடுங்கள். சூடான காற்று அதுவழி ஏறிப் போகும். முன்பக்கம் கீழே காற்று நுழைய வழி வேண்டும், அதற்குத் துளைகள் வைத்த ஷட்டர் அல்லது கிரில். மேலே வழிவிட்டுக் கீழே அடைத்தால் ஒரு பயனும் இல்லை. இந்தத் தவறைச் செய்யாதவர்கள் குறைவு.

காற்றே அசையாத இரவுகளுக்கு ஓர் எக்ஸாஸ்ட். 20 அடி அகலம், 60 அடி நீளம், 14 அடி உயரம் என்றால் உள்ளே 16,800 கன அடி, அதாவது 476 கன மீட்டர் காற்று. மணிக்குப் பத்து முறை மாற 4,760 கன மீட்டர். பெட்டியில் அச்சடித்த கொள்ளளவு இதற்கு அருகில் இருக்கும் ஃபேனாகப் பாருங்கள். டைமர் வைத்து இரவு 9 முதல் காலை 6 வரை. காலையில் கடை திறந்ததும் லூவர்களை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பதினோரு மணிக்கு வெளிச்சூடு உள்ளே வந்துவிடும். மூடும் வேலையை யாராவது ஒருவர் பெயரில் எழுதிவையுங்கள்.

மளிகை, வெல்ல மண்டிக்காரர்கள் மழைக்காலத்தில் இதைச் செய்யக் கூடாது. ஈரக்காற்று மூட்டைக்குள் போகும்.

8. முகப்பு

தாழ்வாரத்தை எடுத்துவிட்டு முழுக் கண்ணாடி வைப்பதுதான் இப்போதைய பழக்கம். மேற்குப் பார்த்த கடைக்கு அது அடுப்பு. கண்ணாடி வேண்டும் என்றால் தாழ்வாரத்தை விட்டுவைத்து அதற்கு உள்ளே வையுங்கள். கதவு இல்லாத திறந்த முகப்பில் ஏசி போடுவது தெருவைக் குளிரவைப்பது.

9. வயரிங், விளக்கு, ஃபேன்

மரக் கேசிங்குக்குள் பழைய அலுமினிய வயர் இருந்தால் முழுவதும் மாற்றுங்கள், பாதி மாற்றுவது ஆபத்து. விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஒன்றரை டன் ஏசிக்குத் தனியாக 4 சதுர மி.மீ. காப்பர். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) நல்ல எர்த்தும் இல்லாமல் லைன் கொடுக்காதீர்கள். சுவரில் படுக்கை வாக்கில் காடி வெட்டினால் சுண்ணாம்புச் சுவர் பலவீனமாகும். சுவர்மேல் கண்டூயிட் குழாயில் வயர் ஓடட்டும், பார்வைக்கும் அது பழைய கட்டடத்தோடு ஒத்துப்போகும்.

ஃபேன் கணக்கு எளிது. பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. என்ற புதிய வகை மோட்டார் ஃபேன் 30 வாட் பக்கம். இருபது ஃபேன், தினம் 10 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 9 யூனிட் மிச்சம். 300 நாளில் 2,700. கூரை 14 அடி உயரம் என்பதால் கம்பி நாலரை, ஐந்து அடி இறக்கி, இறக்கை தரையிலிருந்து 9 அடியில் சுற்ற வேண்டும். மேலேயே விட்டால் கூரைச் சூட்டைத்தான் கீழே தள்ளும். கொக்கி தேக்குக் கட்டையில். செங்கல் வரிசையில் ஒருபோதும் அல்ல.

விளக்கில் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். வெள்ளிக் கொலுசு, பட்டுக் கடைகளுக்கு சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேல் உள்ள எல்.இ.டி. வேண்டும். மட்டமான விளக்கில் நிறம் சரியாகத் தெரியாமல் கடைக்காரர் விளக்கை இரட்டிப்பாக்குவார், மிச்சம் போய்விடும். முற்றத்து வெளிச்சம் விழும் பகுதிக்குத் தனி சுவிட்ச் கொடுங்கள்.

10. ஏசி

இதற்கு முன்னுள்ள எல்லாம் முடிந்து, ஒரு கோடை மாதம் கடை நடத்திய பிறகு முடிவெடுங்கள். பல இடங்களில் கல்லாவும் பின் ஆபீஸ் அறையும் மட்டும் போதும் என்று தெரியவரும்.

குளிரும் அறையைத் தனியாகத் தடுங்கள். சதுர அடியை வைத்து டன் சொல்பவர் பத்தடி உயர அறையை மனதில் வைத்துப் பேசுகிறார். உயரம், கூரைக்கு என்ன செய்தீர்கள், எத்தனை ஆட்கள் என்று கேட்டுக் கணக்குப் போடுபவரிடம் வாங்குங்கள். 5 ஸ்டார் இன்வெர்ட்டர், 24 டிகிரி. அவுட்டோரை முற்றத்துக்குள் வைக்காதீர்கள். அதன் சூடு இரவுக் காற்றுக்காக நீங்கள் திறந்த வழியிலேயே உள்ளே திரும்பும். பின்சுவர் நிழலில், சுவர்மேல் தாங்கும் ஸ்டாண்டில் வையுங்கள். தண்ணீர் வடியும் குழாயைச் சுவருக்கு வெளியே மழைக்குழாய் வரை கொண்டுபோங்கள். சுவரில் சொட்டவிட்டால் 6-ஆம் பகுதி வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

11. ஏற்காட்டில் கடை என்றால்

வரிசை மாறும். அங்கே பகை சூடல்ல, பனிமூட்டமும் ஈரமும். இரவுக் காற்று வேலை தேவையில்லை, கூரையை வெள்ளையாக்கவும் வேண்டாம். சீமை ஓட்டின் உடைசல், ஓட்டுக்குக் கீழே பலகை, ஜன்னல் இடுக்கு, சுவரடி வடிகால் ஆகிய நான்கும்தான் வேலை. வெயில் வரும் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்தாலே ஹீட்டர் பாதி ஓய்வெடுக்கும்.

12. ஒரு வருடம் கழித்து

அதே இரண்டு மாதத்து யூனிட்டை அதே இரண்டு மாதத்தோடு ஒப்பிடுங்கள். மார்ச் பில்லை மே பில்லோடு அல்ல. தெர்மாமீட்டரை எடுத்து அதே மூன்று இடங்களில் மாலை 4, இரவு 9 அளவுகளை மறுபடி எடுங்கள். மாலை அளவு குறைந்து இரவு அளவு மட்டும் குறையவில்லை என்றால் எக்ஸாஸ்ட் டைமர் நின்றிருக்கும், அல்லது லூவர் வலையில் தூசி அடைத்திருக்கும். இரண்டும் குறைந்தும் யூனிட் இறங்கவில்லை என்றால், மெயின் போர்டில் கிளாம்ப் மீட்டர் வைத்து, கடை மூடியபின் எந்த லைனில் கரண்ட் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய ஃப்ரிட்ஜ், அணைக்காமல் விட்ட மோட்டார், பக்கத்துக் கடைக்கு எப்போதோ கொடுத்த ஒயர் ஆகிய மூன்றில் ஒன்று அநேகமாக அகப்படும்.